நல்லதண்ணிக் கிணற்று முகங்கள்

இதை எனக்கு முதலில் சொன்னவள் எங்கள் மரியாயின் சேனையில் என்னோடு ஜெபமாலை சொல்லும் விக்டோரியா அக்கா. சொன்னது போன புனித வெள்ளியன்று, சிலுவைப்பாதை முடிந்து, கோயில் முற்றத்தில் கஞ்சிக்கு நாங்கள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த நேரத்தில். அவள் பிறந்த ஊர் பூவரசன்துறை. அந்த ஊர்க் கிணற்றில் முகங்கள் வந்ததை அவள், இந்த வருசம் மழை கொஞ்சம் பிந்திவிட்டது என்பதுபோலத்தான் சொன்னாள். துருவுகிற கையைக்கூட நிறுத்தவில்லை. நானும் அப்படியே கேட்டுக்கொண்டேன், அப்படியே சொல்கிறேன்.

பூவரசன்துறையில் எங்கே தோண்டினாலும் உப்புத்தான் ஊறும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் செம்மணல் தேரி, நடுவில் நீளமாகக் கிடக்கிற ஊர் அது. வீட்டுக்கு வீடு கிணறு உண்டு, ஆனால் அத்தனையும் கால் கழுவவும் வலை அலசவும்தான் ஆகும். ஆண்டவர் என்ன நினைத்தாரோ, அந்தோணியார் கோயிலுக்குப் பின்னால், எமரன்சி வீட்டு வேலியை ஒட்டின ஒரே ஒரு கிணற்றில் மட்டும் இளநீர்போல நல்ல தண்ணீரை வைத்தார். அதனால் அந்த ஊர்க்காரர்கள் நல்ல தண்ணீரை ஒருதரம் புழங்கிவிட்டுத் தெருவில் கொட்ட மாட்டார்கள். அரிசி களைந்த தண்ணீர், பிள்ளை குளித்த தண்ணீர், முகம் கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் சருவச்சட்டியில் பிடித்து, இடுப்பில் வைத்துச் சுமந்து வந்து, கிணற்றைச் சுற்றி நிற்கிற வாழைகளுக்கு ஊற்றுவார்கள். தெருவில் கொட்டுகிறவளைப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகச் சொல்லுவார்கள். விளையாட்டாகச் சொல்வதில்லை, நிஜமாகவே சொல்லுவார்கள்.

எமரன்சி அந்த ஊரின் பியூட்டி பார்லர்காரி. புருஷன் கடலோடு போன பிறகு, கைப்பிள்ளையாக இருந்த ஜாஸ்பினை மதினி பிலோமியிடம் விட்டுவிட்டுத் தூத்துக்குடிக்குப் பஸ்ஸில் போய்த் தொழில் கற்று, வீட்டின் முன்னறையில் ஒரு சுழல் நாற்காலியும், சுற்றிலும் பல்பு வைத்த ஒரு கண்ணாடியும், கண்ணாடிக்கு மேலே ஒரு மாதா படமுமாக உட்கார்ந்தவள், ஊரின் கல்யாணப் பெண்களையெல்லாம் அந்த நாற்காலியில்தான் உட்கார வைத்து எழுப்பினாள். கடற்கரைக் கல்யாணத்தில் மேக்கப் நிற்பது லேசான காரியமா? உப்புக் காற்று ஒரு பக்கம் இழுக்கும், வேர்வை ஒரு பக்கம் இழுக்கும், பூசை முடிந்து பெற்றவர்கள் நெற்றியில் சிலுவை போடும்போது வருகிற கண்ணீர் மிச்சத்தை இழுக்கும். எமரன்சி போட்டது நிற்கும். பூசை முடியும்வரை நிற்கும், விருந்து முடியும்வரை நிற்கும், மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் அழுது தீர்க்கும்வரை நிற்கும். தண்ணீரில் கரையாத ஃபவுண்டேஷன், தண்ணீரில் கரையாத லிப்ஸ்டிக், தண்ணீரில் கரையாத கண்மை என்று தேடித்தேடி வாங்குவாள். பெண்ணின் நிறத்துக்கு மேலே ரெண்டு படி வெளுப்புக் கூட்டித்தான் போடுவாள். யாரும் கேட்க வேண்டியதில்லை, அது அவள் கை வழக்கம்.

ஜாஸ்பின் தன் அப்பாவைப்போல நல்ல கறுப்பு. வெயிலில் நின்றால் மினுங்குகிற கறுப்பு. அவள் கல்யாணத்தன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து, "யம்மா, எனக்கு என் கலருக்கே போடு" என்றாள்.

"சரி மக்கா" என்றாள் எமரன்சி. சொல்லிவிட்டு ரெண்டு படி கூட்டிப் போட்டாள். மாப்பிள்ளை வீட்டார் பம்பாயிலிருந்து வந்திருந்தார்கள், எல்லாரும் வெளுத்த நிறம். பெற்ற மனசு, பிள்ளையை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் செய்தது. ஜாஸ்பின் கண்ணாடியைப் பார்த்தாள், கோயிலுக்குப் போனாள், போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்ன இடத்தில் சிரித்தாள். மாலையில் வீட்டுக்கு வந்து, தேய்த்துத் தேய்த்துக் கன்னம் கன்றிப்போகும்வரை முகத்தைக் கழுவிவிட்டுச் சொன்னாள்:

"எல்லாரும் உங்கம்மா மொகத்தை எப்படி ஆக்கிட்டான்னு சொன்னாவ. இருந்த மொகம் எங்கன்னு ஒருத்தரும் கேக்கல. நீயும் கேக்கல."

மறுநாள் ரயிலேறினாள். அதற்குப் பிறகு கிறிஸ்மஸ், ஈஸ்டர் என்றால் மருமகன்தான் போனில் பேசுவான். அவள் அடுப்படியில் இருப்பாள், அல்லது மாடியில் இருப்பாள், அல்லது இப்போதுதான் தூங்கினாள். அன்றைக்கு அவள் முகம் கழுவின சருவச்சட்டித் தண்ணீரை எமரன்சி எல்லாத் தண்ணீரையும்போல வாழைக்குத்தான் ஊற்றினாள்.

முகங்கள் வந்தது அந்த வருச மழைக்குப் பிறகு. கிறிஸ்மஸ் குடில் கட்டுகிற நாட்களில் ஒரு காலையில் பிலோமி மதினி சிலுவை போட்டுக்கொண்டு முதல் வாளியை இறைத்துக் குடத்தில் ஊற்றினாள். பாலில் ஆடை படிகிறதே, அதுபோல ஒன்று தண்ணீரின்மேல் வந்து படிந்தது. அதற்குப் புருவம் இருந்தது. சிவந்த உதடு இருந்தது, மூடின இமைகளின்மேல் தங்கப்பொடி இருந்தது. பிலோமி மதினி குனிந்து பார்த்தாள், சேலையில் கையைத் துடைத்தாள், வேலிக்கு மேலே எட்டிக் கூப்பிட்டாள்.

"ஏ எமரன்சி, உன் கஸ்டமர் ஒருத்தி எங்க குடத்துல கெடக்கா. வந்து யாருன்னு பாரு."

"யாரு மதினி?"

"வாயைப் பார்த்தா நம்ம சூசையண்ணன் மக பெனிட்டா மாதிரி இருக்கு. அவளுக்குத்தான் மேலுதடு அப்படித் தூக்கிக்கிட்டு நிக்கும்."

எமரன்சி வந்து பார்த்தாள். "பெனிட்டாதான். இந்த ரோஸ் கலரு அவளுக்கு மட்டுந்தான் போட்டேன்."

"அவ ஓமன்ல இருக்கால்ல."

"அவ ஓமன்லதான் இருக்கா. இது நான் போட்ட மொகம்."

ரெண்டு பேருமாக ஒரு வாழையிலையை அடியில் விட்டுப் பூப்போல எடுத்து, சூசையண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பெனிட்டாவின் தாய் அதை ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இருங்க, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

பிறகு தினமும் வந்தன. எந்தக் குடத்தில் எந்த வீட்டுப் பெண் வந்தாலும், அடையாளம் பார்த்து அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது ஊர் மரியாதையாயிற்று. உன் மருமகள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று சொல்லி அனுப்புவார்கள், அவர்களும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வருவார்கள். ஆள் தெரியாத முகங்களைக் கோயில் அலுவலகத்தில் கொடுத்தார்கள். ஞாயிறு பூசை முடிவில் பங்குச்சாமியார் கல்யாண அறிவிப்புகளை வாசித்துவிட்டு, கிணற்றில் கிடைத்த ரெண்டு முகங்கள் அலுவலகத்தில் இருக்கின்றன, உரியவர்கள் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம் என்று அதே குரலில் வாசித்தார். முகம் எண்ணெய் பட்டால் கரைந்துவிடும் என்று யாரோ ஒருத்தி கண்டுபிடித்தாள், அன்றிலிருந்து முகம் இருக்கிற அறைக்குள் மீன் பொரித்த கையோடு யாரும் போவதில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டுக்குப் போகாமல் நேரே கிணற்றடிக்கு வரத் தொடங்கினார்கள். உவரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூட்டம் இந்தப் பெண்தான் வேண்டுமென்று ஒரே பிடியாக நின்றது. விசாரித்தால் அவளுக்கு இரண்டாம் பிள்ளை ஞானஸ்நானம் அடுத்த வாரம்.

பெற்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளைத் தூர தேசத்துக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, போனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் தெரியும். அவர்கள் அந்த முகத்தை அகலமான சட்டியில் தண்ணீர் விட்டு மிதக்கவைத்து, காலையில் எழுந்ததும் அதைப் பார்த்து, கறிக்கு உப்புக் கூடிப்போனதையும் ஆடு குட்டி போட்டதையும் சொல்லி, தண்ணீர் மாற்றி, சாயந்திரம் ஜெபமாலைக்கு அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். முகம் பேசாது. கண் திறக்காது. போட்டோவுக்குச் சிரித்த சிரிப்பைச் சிரித்துக்கொண்டே இருக்கும்.

எமரன்சி ஒவ்வொரு நாளும் தன் வாளியைத் தானே இறைத்தாள். அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. சாம்பல் புதன் அன்றைக்கு வந்தது ஜாஸ்பின் முகம். ரெண்டு படி கூட்டின நிறம், மாதுளம்பூ உதடு. எமரன்சி அதை எனாமல் சட்டியில் மிதக்கவிட்டு, பல்பு வைத்த கண்ணாடியின் முன்னால் வைத்தாள்.

"மக்கா, சாப்ட்டியா?" என்று கேட்டாள்.

முகம் சிரித்தது. அது கோபித்துக்கொள்ளவில்லை, ரயிலேறவில்லை, தூங்கப் போகவில்லை. எமரன்சிக்கு அது போதுமாக இருந்தது. போதும் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

தண்ணீர்தான் கெட்டுக்கொண்டே வந்தது. முதலில் லேசான ரோஜா வாடை. பிறகு புது பிளாஸ்டிக் வாளியின் வாடை. கஞ்சி வைத்தால் இளஞ்சிவப்பாக வந்தது. கிணற்றுத் தவளைகள் படிக்கட்டு வழியாக ஏறி, வரிசையாக வேலி தாண்டிப் போய்விட்டன. கொசுவுக்காக விட்டிருந்த குஞ்சுமீன்கள் மல்லாந்தன. வாழைக்குலை பழுத்தபோது தோல் ரோஸ் நிறம், உரித்தால் லிப்ஸ்டிக் வாசம், பிள்ளைகள் ஒரு கடி கடித்துவிட்டுத் துப்பினார்கள். கைக்குழந்தைகளுக்குக் குளிப்பாட்டினால் மேலெல்லாம் தடித்தது. ஊர் குடிதண்ணீரைக் கேனில் வாங்கத் தொடங்கியது. ஆனாலும் கிணற்றை இறைத்துவிடலாம் என்று யாரும் வாய் திறக்கவில்லை, இறைத்தால் இனி வரவேண்டிய முகங்கள் போய்விடும், சட்டி முகங்களுக்கு மாற்ற அந்தத் தண்ணீரும் இருக்காது.

அப்படி இருக்கையில்தான் மருமகன் போன் பண்ணினான். ஜாஸ்பின் முழுகாமல் இருக்கிறாள், ஐந்தாம் மாதம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதுதானே நம் வழக்கம், எமரன்சி சந்தோசத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப கூட்டிட்டு வாரீக தம்பி? நான் வரட்டுமா?"

மருமகன் நல்ல பையன். தயங்கித் தயங்கிச் சொன்னான். "அத்தை, அவ வரலைன்னு சொல்லுதா. பிள்ளையைக் குளிப்பாட்ட அங்க தண்ணி இல்லைன்னு கேள்விப்பட்டாளாம். அப்புறம் இன்னொண்ணும் சொல்லச் சொன்னா. சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"எங்கம்மாவுக்குத்தான் சட்டியில ஒரு மக இருக்காளே, அவளே போதும்னு சொல்லச் சொன்னா."

எமரன்சி போனை வைத்துவிட்டுச் சட்டியைப் பார்த்தாள். அது சிரித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தூத்துக்குடிக்குப் போனாள். எப்போதும் வாங்குகிற ஃபேன்சி ஸ்டோரில், தண்ணீருக்குக் கெடுதல் பண்ணாத மேக்கப் சாமான் வேண்டும் என்று கேட்டாள். கடைக்காரர் கொஞ்சமும் யோசிக்காமல் பச்சை இலை படம் போட்ட டப்பாக்களை எடுத்து வரிசையாக வைத்தார். "எல்லாம் இயற்கைக்கா. செடியில இருந்து நேரா டப்பாவுக்கு வருது." வழக்கத்தைவிட விலை கூட. அள்ளிக்கொண்டு வந்து ஒரு பெண்ணுக்குப் போட்டாள், கழுவின தண்ணீரை வாழைக்கு ஊற்றினாள். மறு வாரம் பிலோமி மதினி வேலிக்கு மேலே கூப்பிட்டாள்.

"ஏ எமரன்சி, புதுசா ஒருத்தி வந்திருக்கா. கன்னத்துல ஒரு பச்சை இலையும் ஒட்டிக்கிட்டு வந்திருக்கா."

அன்றைக்குத்தான் எமரன்சிக்கு அந்த யோசனை வந்தது. கடைக்காரரைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை, டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துப் பிரயோசனம் இல்லை, கிணற்றையே கேட்டுவிட வேண்டியதுதான். தேங்காய்ச் சிரட்டைகளைக் கழுவிக் கோயில் மதில்மேல் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் கிணற்றுத் தண்ணீர் விட்டு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சாமானில் ஒரு துளி போட்டு, ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி மூடிவைத்தாள். விடிந்து பார்த்தால் சிலவற்றில் தண்ணீர் தண்ணீராக இருந்தது. சிலவற்றில் ஒரு புருவம் முளைத்திருந்தது, சிலவற்றில் ஒரு உதடு.

இது ஊருக்குப் பிடித்துப்போயிற்று. காலைப் பூசைக்கு வருகிற பெண்கள் தங்கள் வீட்டு ஷாம்பு, சோப்பு, பவுடர், முடிச்சாயம் என்று கொண்டுவந்து சிரட்டை கேட்டார்கள். பெரிய விலை க்ரீம் ஒன்று இமை மயிரோடு முழுக் கண்ணாக வந்து எல்லாரையும் பார்த்தது. "வாங்கின காசுக்கு இது கண்ணாவது திறந்துச்சே" என்றாள் பிலோமி மதினி. ஐந்து ரூபாய்ச் சோப்பு ஒன்று ஒன்றுமே ஆகாமல் கரைந்து தெளிந்தது. வீட்டில் அரைத்ததெல்லாம் ஜெயிக்கும் என்று நினைத்தால் அதுவும் இல்லை, பாக்கெட்டில் வாங்கி அரைத்த கஸ்தூரி மஞ்சள் மறுநாள் ஒரு காதாக வந்தது, அதில் ஏதோ சாயம் கலந்திருக்கிறான். பயத்தம் மாவு தேறியது. கற்றாழை தேறியது. கல்லில் இழைத்த சந்தனம், செக்கில் ஆட்டின தேங்காயெண்ணெய், பீட்ரூட் சாறு, விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்த விளக்குக் கரி, இவை தேறின. எமரன்சி தேறியதை ஒரு பலகையில் வைத்தாள், தேறாததை அட்டைப் பெட்டியில் போட்டுக் கயிறு கட்டினாள். அந்தப் பெட்டி அவள் பிழைப்பில் பாதி.

தேறின சாமானில் முதல் கல்யாணம் டார்வின் மகள் ஷைனிக்கு. பயத்தம் மாவில் முகம் துலக்கி, சந்தனம் பூசி, கண்ணுக்குக் கரி எழுதி, உதட்டுக்குப் பீட்ரூட் தொட்டுவிட்டாள். நாற்காலியில் ஷைனி ஷைனியாகவே இருந்தாள். பெண்ணைப் பெற்றவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"என்ன அக்கா, ஒண்ணும் போட்ட மாதிரியே தெரியலையே."

"போட்டிருக்கேன்."

"எங்க போட்டிருக்கீக? நாளைக்கு ஆல்பத்துல இவ கல்யாணப் பொண்ணா, பந்தி பரிமாறுற பொண்ணான்னு கேப்பாவ."

பூசை பாதியிலேயே பீட்ரூட் தாடைக்கு வழிந்தது. தலையில் போட்ட வெள்ளை நெட்டின் ஓரம் சந்தனம் பட்டு மஞ்சளித்தது. வாசம் பிடித்து நாலைந்து தேனீக்கள் கோயிலுக்குள் வந்து, கல்யாண வார்த்தைப்பாடு கொடுத்து முடிகிறவரை பெண்ணின் தலையைச் சுற்றின. மாப்பிள்ளை மட்டும், எனக்கு இவளை அடையாளம் தெரிகிறது என்று தன் தாயிடம் சொன்னானாம். அடுத்த ரெண்டு கல்யாணம் டவுன் பார்லருக்குப் போயிற்று. எமரன்சி நாற்காலியைத் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

புதிதாக முகம் வருவது குறைந்தது. ஆனால் கிடக்கிறது கிடக்கிறதுதானே. தண்ணீர் தெளியவில்லை. ஜாஸ்பினுக்கு ஏழாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. எமரன்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை விட்டு எல்லாரும் கிணற்றடியில் நின்றபோது, கிணற்றை இறைக்க வேண்டும் என்று சொன்னாள்.

பெனிட்டாவின் தாய்தான் முதலில் எதிர்த்தாள். "நீ சொல்லாத எமரன்சி. எம்மவ போய் எத்தனை வருசமாச்சு. ஒருக்க வந்து எட்டிப் பாத்தாளா? மொகமாவது கெடக்கட்டும்."

"நீ போட்டதுதானே இம்புட்டும்" என்றாள் இன்னொருத்தி. "அன்னைக்குத் தெரியலையா?"

"தெரியல" என்றாள் எமரன்சி.

சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய் எனாமல் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தண்ணீர் தளும்பித் தளும்பிச் சேலை நனைந்தது. அத்தனை பேர் முன்னாலும் வாழையிலையை அடியில் விட்டு மகள் முகத்தை எடுத்து, கருவாடு காயப்போடுகிற வலையின்மேல் விரித்தாள். விரிக்கும்போது உதட்டோரம் கொஞ்சம் கிழிந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பெனிட்டாவின் தாய் வீட்டுக்குப் போனாள், தன் சட்டியோடு திரும்பி வந்தாள்.

இறைப்பது என்று முடிவானபின், எங்கே கொட்டுவது என்ற கேள்வி வந்தது. கடலில் என்றார்கள். வலைக்காரர்கள் கூடாது என்று நின்றார்கள். "அங்க கொட்டினா நாளைக்கு வலையில வரும். மீனுக்குப் பதிலா உங்க மருமகள்களை ஏலம் போடவா?" தேரியில் என்றார்கள். மழை பெய்தால் தேரித் தண்ணீர் எங்கே வரும்? இந்தக் கிணற்றுக்குத்தான் வரும். பஞ்சாயத்துக் குப்பை வண்டிக்காரன் சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "மக்குற குப்பையா, மக்காத குப்பையான்னு பிரிச்சுச் சொல்லுங்க, அப்பத்தான் ஏத்துவேன்" என்றான். அதைச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. கல்லறைத் தோட்டத்தில் புதைக்கலாமா என்று சாமியாரைக் கேட்டார்கள். அவர், "ஞானஸ்நானம் வாங்கின மொகமெல்லாம் இன்னும் உயிரோட நடமாடுதே, நான் யாருக்கு மந்திரிக்க?" என்றார். கடைசியில் ஊருக்கு ஒன்று தெரிந்தது, இதைக் கொட்டுவதற்கென்று கடவுள் ஒரு இடத்தையும் படைக்கவில்லை. அவரவர் முகத்தை அவரவர் காயவைத்து, பிஸ்கட் டின்னில் போட்டு, அவரவர் வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கின்றன. இறைத்த தண்ணீரையும் சும்மா விடவில்லை, மெல்லிய வேட்டியில் வடிகட்டி, அந்த வேட்டிகளையும் மடித்து வைத்திருக்கிறார்கள். வாழைகளை வேரோடு தோண்டி, அந்த மண்ணையும் அள்ளிச் சாக்கில் கட்டினார்கள்.

அன்று சாயந்திரம் எமரன்சி மருமகனுக்குப் போன் பண்ணாமல் மகளுக்கே பண்ணினாள். மணி நெடுநேரம் அடித்தது.

"மக்கா, அம்மா பேசுதேன்."

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"கிணத்தை இறைச்சாச்சு."

"கேள்விப்பட்டேன்."

"சட்டியில இருந்ததையும் எடுத்துட்டேன்."

"எதுக்கு எடுத்த? அது கோவமே படாதுல்ல."

"ஆமா, படாது." எமரன்சி போனை மறு காதுக்கு மாற்றினாள். "உன் நாடிக்குக் கீழ ஒரு தழும்பு உண்டு ஏட்டி, சின்னப் பிள்ளையில வாசப்படியில விழுந்தது. சட்டியில அது இல்ல. தெனமும் பாக்கேன், இல்ல. அதை அன்னைக்கு மறைச்சது நான்தானே."

ஜாஸ்பின், "தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

எமரன்சி நல்லா இருக்கு என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். பிறகு, "இன்னும் வாடை இருக்கு மக்கா. பிள்ளைக்கு ஆகாது" என்றாள்.

"சரி. ஆகும்போது சொல்லு" என்று சொல்லி ஜாஸ்பின் வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எமரன்சி தினமும் சிரட்டையில் வெறும் கிணற்றுத் தண்ணீரை மட்டும் வைத்து, விடிந்ததும் போய்ப் பார்த்தாள். ஒரு நாள் ஒரு இமை மயிர் இருக்கும். ஒரு நாள் ஒரு மினுக்கு இருக்கும். டவுன் பார்லருக்குப் போகிற பெண்களிடமும் வழியில் நின்று, கழுவின தண்ணீரைக் கண்ட இடத்தில் கொட்டிவிடாதே, அது எங்கே போய்ச் சேரும் என்று பார் என்று சொல்லி வசவு வாங்கினாள். ஐப்பசி மழை தேரியில் இறங்கி, செம்மண்ணுக்குள் ஊறி ஊறி வந்து கிணற்றை நிரப்பியது. ஒரு காலையில் தவளை ஒன்று கத்துகிறதைப் பிலோமி மதினி கேட்டாள். சிரட்டையில் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. எமரன்சி அதை ஒரு மடக்குக் குடித்துப் பார்த்துவிட்டு, மகளுக்கு ஒரே ஒரு வரி மெசேஜ் அனுப்பினாள்.

ஜாஸ்பின் எட்டாம் மாதத்தில் வந்து இறங்கினாள். கால் வீங்கியிருந்தது. கன்னம் ரெண்டிலும் மங்கு விழுந்து, கறுப்புக்கு மேலே இன்னொரு கறுப்பாகப் படர்ந்திருந்தது. நாடிக்குக் கீழே தழும்பு அப்படியே இருந்தது. எமரன்சி வாசலில் நின்றாள், கட்டிப் பிடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மகளின் பையை மட்டும் வாங்கிக்கொண்டாள். ஜாஸ்பின் உள்ளே வந்து, வேறெங்கும் போகாமல் அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மொகமெல்லாம் போச்சு யம்மா. ஏதாவது போட்டுவிடு."

எமரன்சி கை பலகைப் பக்கம் போகவில்லை. "எந்தக் கலருக்கு மக்கா?"

ஜாஸ்பின் கண்ணாடியில் தாயைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஒரு கலரும் வேண்டாம். ரயில் அழுக்குப் போகக் கழுவிவிடு, போதும். அது எங்க, உன் பழைய மக?"

எமரன்சி அலமாரியிலிருந்து டின்னை எடுத்து நீட்டினாள். ஜாஸ்பின் மூடியைத் திறந்து, வெங்காயத்தோல்போலக் காய்ந்து கிடந்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கா. இவளுக்கு எங்கயும் மாப்பிள்ளை அமையலியா?"

"வந்தாவ. சமைக்கத் தெரியுமான்னு கேட்டாவ."

ரெண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது எமரன்சி அழுதுகொண்டிருந்தாள். பயத்தம் மாவைத் தண்ணீரில் குழைத்து, நெற்றியிலிருந்து தொடங்கி, மங்கு விழுந்த இடத்தில் மெல்ல, தழும்பில் இன்னும் மெல்ல, குழந்தையைத் துடைப்பதுபோலத் துடைத்துக் கழுவி, சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதிதாக வைத்திருந்த வாழைக்கன்றுக்கு ஊற்றினாள்.

ஊற்றின பிறகுதான் பயம் பிடித்தது. நல்லதுதானே போட்டேன், நல்லதுதானே போட்டேன் என்று விடியும்வரை ஜெபமாலையை உருட்டினாள். கோழி கூவுமுன் கிணற்றடிக்குப் போய் வாளியை இறக்கினாள். கயிறு நனைந்து கையில் வழுக்கியது. வாளியை மேலே தூக்கி, மதில்மேல் வைத்து, தண்ணீர் ஆட்டம் அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு நின்று, பிறகு திறந்து பார்த்தாள். தண்ணீரில் யாரும் இல்லை.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஜாஸ்பின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து, "என்னம்மா, நான் வந்திருக்கனா?" என்று கேட்டாள்.

"வந்திருக்க மக்கா" என்றாள் எமரன்சி. சொன்னது வாளியைப் பார்த்து இல்லை.

பிள்ளை பிறந்தது, பெண். அந்தத் தண்ணீரில்தான் குளித்தது. பார்லரில் கூட்டம் முன்போல இல்லை, ஆனால் நாற்காலி சும்மாவும் இல்லை. டவுனுக்குப் போகிறவர்கள் இன்னும் போகத்தான் செய்கிறார்கள், அதனால் எமரன்சிக்கு நிம்மதி முழுசாக வரவில்லை. ஊருக்கு யார் புதிதாக வந்தாலும் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்துவிட்டு, அவர்கள் குடிக்கிறதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாளாம்.

நீங்கள் எப்போதாவது அந்தக் கடற்கரைப் பக்கம் போனால், அவள் வீட்டில் ஏறிக் கொஞ்சம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள். ருசி எப்படி இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி அவளிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.